கார் நிற்கும் வாடகை அறையில் சுவரைத் தொடாமல் அலமாரி நிறுத்துவது எப்படி?

வடசேரிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு நாகர்கோவில் வடசேரியில் ஒரு முடுக்கினுள் இருக்கிறது. அங்கே பைக் நுழையும், கார் நுழையாது. ஆகவே அப்பாவின் 1998-ஆம் ஆண்டு மாருதி 800 காரை, பார்வதிபுரத்துக்கு அருகே ஷட்டர் போட்ட ஓர் அறையை மாத வாடகைக்கு எடுத்து நிறுத்தி வைத்திருக்கிறேன். முன்பு அரிசிக்கடை நடந்த இடம் அது. உள்ளளவு நீளம் 16 அடி, அகலம் 9 அடி, மேலே ஷீட் கூரை, ஜன்னல் கிடையாது.

இந்தக் காரின் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. அதனால் நல்ல உதிரிபாகம் கண்ணில் படும்போதெல்லாம் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒரு முன்கதவு, இரண்டு பம்பர்கள், ஒரு முன்கண்ணாடி, இரண்டு கார்பரேட்டர்கள், சைலன்சர், கேஸ்கட் பொட்டலங்கள் என்று இப்போது எல்லாம் காரைச் சுற்றித் தரையிலேயே கிடக்கின்றன. போதாக்குறைக்கு, வீட்டில் இடமில்லை என்று கிறிஸ்துமஸ் குடில் சாமான்களும் ஸ்டார் விளக்குகளும், அம்மாவின் இரண்டு பெரிய பித்தளை உருளிகளும் அங்கே வந்து சேர்ந்துவிட்டன. கார்க்கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை.

அலமாரி போடலாம் என்று உரிமையாளரிடம் கேட்டேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தரையைத் துளைக்கக் கூடாது, காலி செய்யும்போது அறை இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் அனுமதித்திருந்தாலும் பயனில்லை. சுவர்ப் பூச்சு விரலால் தேய்த்தாலே உதிர்கிறது. ஆகவே தன் காலிலேயே நிற்கும் அலமாரிதான் வேண்டும். அது காரின்மேல் சாய்ந்துவிடாமல் இருக்க என்ன வழி? எந்த வகையை, எந்த அளவில், எந்தப் பக்கம் வைப்பது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திங்கள்சந்தை ரேக்காரர்

தம்பி, கடைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் இரும்பு ரேக் பொருத்துவதே என் தொழில். முதலில் அளவைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலோர் ரேக்கை வாங்கிக் கொண்டுவந்த பிறகுதான் டேப்பை எடுக்கிறார்கள்.

மாருதி 800-இன் நீளம் 3,335 மி.மீ., அகலம் பக்கக் கண்ணாடி நீங்கலாக 1,440 மி.மீ. அதாவது ஏறத்தாழ 131 அங்குலத்துக்கு 57 அங்குலம். உங்கள் அறை 192 அங்குலத்துக்கு 108 அங்குலம். காரை மூக்கு உள்ளே போகும்படி, இடதுசுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். வலப்பக்கத்தில் 45 அங்குலம் கிடைக்கும். வால்பக்கத்துக்கும் ஷட்டருக்கும் இடையே 12 அங்குலம் விட்டால், மூக்குக்கு முன்னே பின்சுவர்வரை 49 அங்குலம் மிஞ்சும். அந்த 49-தான் உங்களுக்கு வாய்த்த நல்ல இடம். பின்கதவைத் திறந்து சாமான் ஏற்ற வேண்டுமானால் ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே நின்றே ஏற்றிக்கொள்ளலாம்.

பின்சுவர் ஓரமாக 18 அங்குல ஆழமும் 6 அடி உயரமும் உள்ள துளை ஆங்கிள் ரேக் (வரிசையாகத் துளையிட்ட L வடிவ இரும்புக் கால்களில் தட்டுகளைப் போல்ட் போட்டுப் பிடிப்பது), ஒவ்வொன்றும் 33 அங்குல அகலத்தில் மூன்று கண்ணறைகளாக, அதாவது பக்கம் பக்கமாக மூன்று பகுதிகளாகப் போடுங்கள். சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே 3 அங்குலம் விட்டாலும், ரேக்குக்கும் கார் மூக்குக்கும் இடையில் 28 அங்குலம் இருக்கும். ஓர் ஆள் குனிந்து நிமிர அது போதும். அடுத்து, வலச்சுவர் ஓரமாக 15 அங்குல ஆழத்தில், 3 அடி அகலமுள்ள இரண்டு கண்ணறைகள். பின்ரேக்கின் முன்காலிலிருந்தே இது தொடங்க வேண்டும். ஆறடி நீளம் வந்து முடியும் இடத்தில்தான் ஓட்டுநர் கதவின் கீல் வரும் என்பதால் கதவு தாராளமாகத் திறக்கும். சாக்பீஸால் தரையில் வரைந்து, காரை ஒருமுறை உள்ளே விட்டு, கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

இனி சாயாமல் நிற்கும் விஷயம். சுவரில் பிடிக்காத ரேக்கின் உயரம் அதன் ஆழத்தைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் கணக்கு. 18 அங்குல ஆழத்துக்கு 72 அங்குலம், 15 அங்குல ஆழத்துக்கு 60 அங்குலம். ஆகவே பின்ரேக் ஆறடி, பக்கரேக் ஐந்தடி என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கூரைவரை இடம் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். இதைவிட முக்கியமானது, இரண்டையும் மூலையில் போல்ட் போட்டு ஒன்றாக்குவது. தனியாக நிற்கும் ரேக் ஒரே ஒரு திசையில்தான் பலவீனமானது, அதாவது முன்னே கவிழும். பின்ரேக் முன்னே கவிழப் பார்த்தால், அதே திசையில் ஆறடி நீண்டு கிடக்கும் பக்கரேக் அதைத் தாங்கும். பக்கரேக் காரை நோக்கிச் சாயப் பார்த்தால் பின்ரேக் இழுத்துப் பிடிக்கும். சுவர் செய்ய வேண்டிய வேலையை மூலை செய்துவிடுகிறது. அந்த மூலையில் கை எட்டாத ஒன்றரை அடி இடம் வீணாவது உண்மைதான். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் குடில் சாமான்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கால்களுக்கு 14 கேஜ் ஆங்கிள், தட்டுகளுக்கு 20 கேஜ், பம்பரும் கதவும் ஏறும் தட்டுகளுக்கு மட்டும் 18 கேஜ் கேளுங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை மறக்க வேண்டாம். சிலர் 22 கேஜைக் காட்டி, எண் பெரியது என்பதால் பலமும் பெரியது என்று நினைக்கவிட்டு விற்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு மூலைக்கும் முக்கோணத் தகடு வேண்டும். பின்பக்கத்தில் பெருக்கல் குறிபோலக் குறுக்குப் பட்டை வேண்டும். இவை இரண்டும் இல்லாத ரேக், தள்ளினால் பக்கவாட்டில் ஆடும்.

நூலகத்தில் இருந்தவள், தக்கலை

நான் முப்பது ஆண்டுகள் நூலக அலமாரிகளுக்கு நடுவே இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, இரும்புத் தட்டுகளைப் பற்றித் தெரியும்.

மேலே எழுதியவர் விட்டுவிட்ட ஒன்று தரை. பழைய கடை அறைகளில், கழுவிவிடும் நீர் வாசலுக்கு ஓடட்டும் என்று தரையைச் சற்றுச் சரிவாகவே போடுவார்கள். அரிசிக்கடையாக இருந்தது என்கிறீர்கள். அநேகமாக உங்கள் தரையும் ஷட்டரை நோக்கிச் சரிந்திருக்கும். பின்சுவர் ஓரமாக ரேக்கை வைத்தால் அது காரை நோக்கித்தான் சாயும். 18 அங்குல ஆழத்தில் கால் அங்குலச் சரிவு இருந்தாலே, ஆறடி உயரத்தில் ரேக்கின் தலை ஓர் அங்குலம் முன்னே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேல்தட்டில் பாரம் ஏறியதும் அந்த ஓர் அங்குலம் தன் குணத்தைக் காட்டும். கொத்தனாரிடம் ஒரு ரசமட்டத்தை இரவல் வாங்கி வைத்துப் பாருங்கள். முன்கால்களுக்குக் கீழே இரும்புத் தகட்டுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்து, ரேக் நேராக, வேண்டுமானால் ஒரு நூலளவு சுவர்ப்பக்கமாகவே சாய்ந்து நிற்கும்படி செய்யுங்கள். மரச்சில்லோ மடித்த அட்டையோ கொடுக்காதீர்கள், ஈரத்தில் அமுங்கிவிடும்.

சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளச் சொன்னது மிகச் சரியான யோசனை. எங்கள் நூலகத்தில் ஓர் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். ஒரு மழைக்காலம் முடிந்து, ஓணம் விடுமுறைக்குப் பிறகு புத்தகம் ஒன்றை உருவினேன். அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே இருந்தது மண். கரையான் சுவர் வழியாக ஏறி, அலமாரியின் முதுகுப் பக்கம் நுழைந்து, முன்வரிசையைத் தொடாமலேயே ஒரு தட்டு முழுவதையும் தின்று முடித்திருந்தது. இடைவெளி விட்டிருந்தால் மண்கோடு கண்ணில் பட்டிருக்கும். அட்டைப்பெட்டி எதையும் அந்த அறையில் வைக்காதீர்கள், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவே போதும். அரிசிக்கடை நடந்த இடத்துக்கு எலியும் பழக்கப்பட்டிருக்கும்.

பழைய ரேக் வாங்குவதானால் ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) கிடைக்கும், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. காலின் கீழ்முனை துரு தின்று மெலிந்திருக்கிறதா, போல்ட் துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். துளை இழுபட்ட கால் எத்தனை முறை முடுக்கினாலும் தளரும்.

குலசேகரம் மரவேலை

எல்லோரும் இரும்பையே பேசுகிறீர்கள், மரத்துக்காகவும் ஒருவர் பேச வேண்டாமா? ஆனால் நான் என் தோல்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 2017-இல் ஒக்கிப் புயலில் எங்கள் பக்கத்தில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. மலிவாகக் கிடைத்ததே என்று அறுத்துப் பலகையாக்கி, எங்கள் ஷெட்டில் எட்டடி நீளத்துக்கு அலமாரி செய்தேன். பார்க்க வெண்ணெய்போல் இருந்தது. இரண்டாம் ஆண்டு அதன் கீழே தினமும் மாவு சலித்ததுபோலத் தூள் விழுந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வருகிறது. அறுத்த உடனே போரான் மருந்தில் ஊறவைத்து உலர்த்தினால்தான் அது நிற்கும். ஆலையில் பதப்படுத்தியது என்றால் வாங்கலாம். தோட்டத்தில் அறுத்ததை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மரம்தான் வேண்டும் என்றால் அயனிப் பலகையும் முற்றிய பனங்கட்டையும் நம்முடைய ஊருக்கு உகந்தவை. அயனியில் வள்ளம் கட்டியிருக்கிறார்கள், ஈரத்தைப் பார்த்து அஞ்சும் மரமல்ல அது. ஆணியே இல்லாமல், குறுக்குச் சட்டத்தின் நாக்கைக் காலின் துளையில் நுழைத்து வெளியே ஆப்பு அடித்துக் கோக்கும் முறையில் செய்யச் சொல்லுங்கள். வீடு மாறும்போது ஆப்பைத் தட்டினால் அலமாரி கட்டையும் பலகையுமாகப் பிரிந்து ஓர் ஆட்டோவில் ஏறிவிடும். வாடகைக்கு இருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கால்களின் கீழ் ஓரடிக்கு மட்டும், கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை இரண்டு முறை பூசுங்கள். கரையான் அண்டாது. வெறுங்கையால் தொட்டுவிட வேண்டாம், தோல் வெந்துவிடும். கறுத்து ஒட்டும் தன்மையுடையது என்பதால் தட்டுகளில் பூசக் கூடாது.

இன்னொரு யோசனையும் உண்டு. காரின் பானட்டுக்கு மேலே வெறும் காற்றுதானே இருக்கிறது? இரண்டு பக்கமும் கால் ஊன்றி, பானட்டுக்கு மேலே பாலம்போல ஒரு தட்டு போட்டால் நல்ல இடம் கிடைக்குமே.

திங்கள்சந்தை ரேக்காரர்

மரவேலை அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பாலத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடப்பக்கத்தில் இருப்பதே 6 அங்குலம். அதற்குள் ஒரு கால் வந்தால், காரை உள்ளே விடும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலை உரசாமல் தப்ப வேண்டும். உரசிவிட்டால் தட்டில் இருப்பதெல்லாம் பானட்டின்மேல்தான் இறங்கும். துணையாள் நின்று கைகாட்டும் பெரிய கிட்டங்கியில் அது நடக்கும். தனியாளாக இரவில் வந்து நிறுத்தும் இடத்துக்கு வேண்டாம். ஷீட் கூரையின் கம்பியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிடும் யோசனையையும் யாரும் சொல்லிவிட வேண்டாம். அந்தக் கம்பி ஷீட்டைத் தாங்கவும் ஆடிக்காற்றை எதிர்க்கவும் போட்டது, உருளியைத் தாங்குவதற்கல்ல.

கார் ரேக்கை முட்டாமல் இருக்கத் தரையில் தடுப்பு வேண்டும்; அதற்கும் துளை வேண்டியதில்லை. அண்ணன் சொன்ன பனங்கட்டையில் ஐந்தடித் துண்டு ஒன்றை முன்சக்கரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் குறுக்கே கிடத்துங்கள். அது சக்கரத்தோடு சேர்ந்து நகராமல் இருக்க, அதற்கும் பின்சுவரின் அடிக்கும் இடையே, ரேக்கின் கால்களுக்கு நடுவாக, இரண்டு கட்டைகளை நீளவாக்கில் கச்சிதமாக வெட்டி வையுங்கள். சக்கரம் தள்ளினால் கட்டைகள் சுவரின் அடியில் போய் ஊன்றிக்கொள்ளும். ரேக்கின்மேல் பாரம் வராது.

குளச்சல் கடற்கரையான்

பார்வதிபுரம் கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் தொடங்கினால் இடையிடையே நின்று நின்று டிசம்பர் வரை ஈரம் விடாது. ஜன்னல் இல்லாத அறை வேறு. எங்கள் கடற்கரையில் சாதாரண பெயின்ட் அடித்த ரேக் இரண்டே ஆண்டில் கொப்பளித்துத் தோலுரியும். பவுடர் கோட்டிங் நல்லதுதான், ஆனால் ஆங்கிளை அளவுக்கு வெட்டும் முனையில் பச்சை இரும்பு வெளியே தெரியும். துரு அங்கிருந்துதான் உள்ளே ஊர்ந்து போகும். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் சிங்க் பிரைமர் தொட்டுவிட்ட பிறகே காலின் அடியில் பிளாஸ்டிக் புஷ் (மூடி) மாட்டச் சொல்லுங்கள். புஷ்ஷுக்குள் நீர் தேங்கினால் கால் உள்ளிருந்தே உளுத்துவிடும் என்பதால், அதன் அடியில் ஒரு சிறு துளை இருப்பது நல்லது. போல்ட்டும் நட்டும் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். காலி செய்யும் நாளில் துருப்பிடித்த நட்டை அறுத்தெடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாரமானவற்றை அடித்தட்டில் வைக்க வேண்டும் என்பது சரி. ஆனால் 2021 நவம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் உறவினரின் ஷெட்டில் முழங்காலுக்கு நீர் நின்றது. அடித்தட்டில் இருந்த மின்மோட்டார், டிரில் மிஷின் எல்லாம் போயின. ஆகவே அடித்தட்டுக்குப் பாரமும் வேண்டும், நனைந்தால் கெடாததாகவும் இருக்க வேண்டும். உங்களிடம் அதற்கு ஏற்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது: பித்தளை உருளிகள். கூடவே ஜாக்கி, மீந்த தரை ஓடுகள், வேண்டுமானால் 20 லிட்டர் கேன் இரண்டில் நீர். ஒரு கேன் நீரே 20 கிலோ. அடியில் நாற்பது கிலோ உட்கார்ந்துவிட்டால் ரேக் அசைய யோசிக்கும்.

கார்பரேட்டர், கேஸ்கட், ரப்பர் பீடிங் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் கேனை எந்தத் தட்டிலும் வைக்க வேண்டாம். காற்றோட்டம் இல்லாத அறை அது. பேட்டரியைக் கழற்றி வைப்பதானால் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வையுங்கள், அமிலம் கசிந்தால் தட்டைத் தின்றுவிடும். சார்ஜ் போடுவதை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடசேரிக்காரன்

ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். அக்கா சொன்னதுபோலவே தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கிறது. 18 அங்குலத்தில் கால் அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல். சாக்பீஸ் கோடும் போட்டுவிட்டேன். கதவு முழுவதும் திறக்கிறது. வலப்பக்க ரேக்கின் கடைசிக் காலுக்கும் கதவின் கீலுக்கும் இடையே நான்கு விரல் இடமிருக்கிறது.

இரும்பு என்றே முடிவு செய்திருக்கிறேன். மரவேலை அண்ணனின் ஆப்பு முறை மனத்தைக் கவர்ந்தது, ஆனால் பம்பரையும் கதவையும் வைக்கத் தட்டுகளின் உயரத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அதற்குத் துளை ஆங்கிள்தான் வசதி. பனங்கட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. முன்கண்ணாடியை எந்தத் தட்டில் வைப்பது? படுக்க வைத்தால் மேல்தட்டு முழுவதையும் அது ஒன்றே அடைத்துக்கொள்கிறது.

திங்கள்சந்தை ரேக்காரர்

முன்கண்ணாடியைப் படுக்க வைக்கவே கூடாது தம்பி. வளைந்த கண்ணாடி அது. நடுவில் தாங்கல் இல்லாமல் கிடந்தால், மேலே ஒரு ஸ்பேனர் விழுந்தாலே போதும். நிறுத்தித்தான் வைக்க வேண்டும், தட்டில் அல்ல. ரேக்குக்குப் பின்னால் விடும் 3 அங்குலத்திலும் சொருகிவிடாதீர்கள். கண்ணாடியின் வளைவு அங்கே அடங்காது, கரையானைப் பார்க்கும் வழியும் அடைபடும்.

பின்ரேக்கின் இடது ஓரக் கண்ணறையில், அடித்தட்டுக்கு மேலே இரண்டு தட்டுகளைப் போடாமல் விடச் சொல்லுங்கள். 33 அங்குல அகலத்துக்குள் கண்ணாடியின் நீளம் அடங்காது. ஆகவே குறுகிய பக்கம் கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்த வேண்டும், அதற்கு நாலரை அடி உயரம் காலியாக இருந்தால் நல்லது. அளந்து பார்த்துவிட்டு மேல்தட்டை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம். கீழே பழைய டியூபை வெட்டி இரண்டடுக்காக விரித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, மேலே இரண்டு இடங்களில் காலோடு சேர்த்துப் பருத்தித் துணிப் பட்டையால் கட்டுங்கள். கயிறு வேண்டாம். முன்கதவையும் அதே கண்ணறையில், நடுவே ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

தகடு வெட்டக் கொடுக்கும்முன், பின்ரேக் நிற்கப்போகும் இடத்தில் அறையின் அகலத்தை இன்னொரு முறை மூன்று இடங்களில் அளந்துவிடுங்கள். பழைய கடை அறைகளில் மேலும் கீழும் ஒரே அகலம் இருப்பதில்லை.